ஒரு குடியின் ஏற்றமும் இறக்கமும்

எமது கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, யாது எழுதுவதென்று பல நாள் எண்ணமிட்டேன். கல்லூரி வரலாற்றை எழுதுதற்கு என்னினும் மூத்தாரும் தக்காரும் பலர் உளர். இலக்கிய ஆராய்ச்சி எழுதினாலோ, பழைய மாணவருட் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவர் என்பதை அநுபவத்தால் அறிவேன். ஆகவே, வகுப்பறையில் மாணாக்கன் ஒருவன் கேட்ட வினாவுக்கு அன்று விடை கூறாது விட்ட கடனை இங்கே தீர்த்துக்கொள்ளத் துணிந்தேன்.

திருக்குறளிற் குடிமை, குடிசெயல்வகை என்னும் அதிகாரங்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். நற்குடிப் பிறந்தாரின் இயல்பு இது, தான் பிறந்த குடியை உயர்த்துவோனின் முயற்சி இது என்று விரித்துரைத்தபோது, பின் வாங்கில் இருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்தான். அவனுடைய தமையன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் படிப்பவன். "சேர், கம்பசுக்குள்ளை இருக்கிற கோயிலைக் கட்டின இராமநாதன் பெரிய குடியிற் பிறந்தவர்தானே? அந்தக் குடி இப்ப எங்கை, சேர்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. அவன் குறும்பாகக் கேட்கவில்லை என்பதை அவன் முகமே காட்டிற்று. "அது பெரிய கதை, பிறகு சொல்லுகிறேன்" என்றேன். மணியும் அடித்தது. அவன் என்னையும் "சேர்" என்றான். நாமோ இராமநாதனையும் "சேர்" என்கிறோம். முன்னையது வகுப்பறை தந்த மரியாதை. பின்னையது இங்கிலாந்தின் முடி 1921இல் அளித்த பட்டம். இரண்டிற்குமிடையே உள்ள தூரத்தை வீடு செல்லும் வழியெல்லாம் எண்ணினேன். அவன் வினாவுக்கு விடையும் அத்தூரத்திலேதான் கிடக்கிறது எனத் தோன்றிற்று.

அக்குடியின் கதை வடமராட்சியிலே, கெருடாவிலிலே தொடங்குகிறது. 1783இற் பிறந்த ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி என்பார் இளமையிற் கொழும்பு சென்று ஆங்கிலம் கற்று, தேசாதிபதியின் தமிழ்த் துவிபாஷியாக உயர்ந்தார். ஆங்கிலேயர் இந்நாட்டைப் புதிதாகக் கைப்பற்றியிருந்த காலம் அது. ஆள்வோர் பேச்சை ஆளப்படுவோருக்கும், ஆளப்படுவோர் குறையை ஆள்வோருக்கும் எடுத்துரைப்பவனே அன்று இரு சாராருக்கும் இன்றியமையாதவன். நாவின் துணைகொண்டு அவர் முதலியார் பட்டமும் பிற சிறப்புகளும் பெற்றார். 1833இல் நிறுவப்பெற்ற சட்டநிரூபண சபைக்கு 1835இலே தமிழர் பிரதிநிதியாக நியமனம் பெற்ற முதல்வரும் அவரே. அடுத்த ஆண்டே அவர் காலமானார். ஆனால் அவர் நட்ட ஏணி சாயவில்லை.

அவருடைய மகள் செல்லாச்சி அம்மையார், மானிப்பாயைச் சேர்ந்த பொன்னம்பல முதலியாரை மணந்தார். பொன்னம்பல முதலியார் கொழும்பிலே அரசினர் சேவையிற் காசாளராயிருந்தவர். கொழும்புக் கொச்சிக்கடையிலுள்ள பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவிலே எழுப்பியவர். குமாரசுவாமி முதலியாரின் மைந்தர் முத்துக்குமாரசுவாமியோ இங்கிலாந்து சென்று பாரிஸ்ரராகி, சட்டநிரூபண சபையிலே தந்தையின் ஆசனத்தைப் பெற்று, 1874இலே "சேர்" பட்டமும் அடைந்தார். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கியவரும், பாளியிலுள்ள சுத்தநிபாதத்தின் பகுதிகளை ஆங்கிலம் அறிந்தோர்க்குக் காட்டியவரும் அவரே. சைவராகிய யாழ்ப்பாணத்தார் ஒருவர் பௌத்த நூலைப் பெயர்த்தமை அன்றைய கல்வியின் விரிவுக்குச் சான்று.

1879ஆம் ஆண்டு மே மாதத்தில் முத்துக்குமாரசுவாமி காலமாகவே, ஆசனம் வெறுமையாயிற்று. அவருடைய மருகர், செல்லாச்சி அம்மையாரின் புதல்வர், இருபத்தெட்டே வயதினராகிய பொன்னம்பலம் இராமநாதன் அதற்கு நியமிக்கப்பெற்றார். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள் இராமநாதனே அவ்விடத்துக்குத் தக்கவர் எனக் கூட்டங்கூட்டி ஆதரவு திரட்டியதை இந்துக் கல்லூரிகளின் வழிவந்த நாம் மறத்தலாகாது. அவ்வாண்டின் இறுதியில் நாவலரும் இறைவனடி சேர்ந்தார். 1892இல் இராமநாதன் சொலிசிற்றர் ஜெனரல் பதவியேற்றுச் சபையை நீங்க, சிறிது காலத்துள் அவர் தமையனார் பொ. குமாரசுவாமி அவ்விடத்துக்கு வந்தார். 1898 வரை இருந்தார். தாய்மாமன், மருகன், மருகனின் தமையன் என ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டு அத்தமிழ் ஆசனம் ஒரு வீட்டுத் திண்ணைபோல இருந்தது எனலாம்.

இளையவர் அருணாசலமோ வேறொரு வாயிலாற் புகுந்தார். கேம்பிரிட்ஜிற் கற்று, 1875இலே திறந்த போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தி இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையர் அவர். பதிவாளர் நாயகமாயிருந்து 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தினார். இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906 முதலே இயக்கம் நடத்தினார். 1919இலே இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியபோது அதன் முதல் தலைவர் அவரே. சிங்களரும் தமிழரும் ஒருங்கே கூடிய அவையில் ஒரு தமிழரைத் தலைவராக ஏற்ற காலம் அது.

இராமநாதனின் செல்வாக்கும் அவ்வண்ணமே தமிழர் எல்லையைக் கடந்திருந்தது. 1911ஆம் ஆண்டு டிசம்பரிலே கற்ற இலங்கையருக்கென ஓராசனம் தேர்தலுக்கு விடப்பட்டபோது, இராமநாதன் சிங்களராகிய மார்க்கஸ் பெர்னாந்து அவர்களை வென்றார். அவருக்கு வாக்களித்தோரிற் சிங்களர் பலர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தை அடக்குவதென்ற பேரில் இராணுவச் சட்டம் சிங்களரை வாட்டியபோது, போர்க்காலக் கடலைக் கடந்து இலண்டன் சென்று அவர்களுக்காக வாதாடினார். திரும்பி வந்தபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவர் வண்டியைச் சிங்களத் தலைவர்கள் தாமே இழுத்துச் சென்றனர் என்பது நாடறிந்த செய்தி. கெருடாவிலிற் பிறந்த துவிபாஷியின் பேரன் இதனினும் உயர ஏறுதற்கு அக்காலத்திலே வேறு படி இருக்கவில்லை.

இவ்விடத்தில் வாசகர் பொறுமையை வேண்டிச் சற்றுத் தொலைவு செல்ல விரும்புகிறேன். ஒரு குடியின் இறக்கத்தை விளங்கிக்கொள்ள அதனை வேறொரு நாட்டுக் குடியோடு வைத்து நோக்குதல் நன்று. கொன்ஸ்தாந்தினோப்பிள் நகரைத் தலைநகராகக்கொண்டு ஆயிரம் ஆண்டுக்கு மேல் நிலவிய பைசாந்தியப் பேரரசிலே போக்காஸ் என்றொரு குடி இருந்தது. சின்னாசியாவின் கப்பதோக்கியா நாட்டைச் சார்ந்த அக்குடியினர் ஒன்பதாம் நூற்றாண்டிற் படையலுவலாற் பெயர்பெற்றனர். பேரரசன் கொடுத்த பதவியால் நிலம் சேர்ந்தது. நிலத்தாற் படை சேர்ந்தது. படையால் மேலும் பதவி சேர்ந்தது. 963இலே அக்குடியிற் பிறந்த நிக்கிபோரசு என்பான் அரியணையே ஏறினான். 969இலே தன் சகோதரியின் மைந்தன் வகுத்த சூழ்ச்சியால் அரண்மனைக்குள்ளே கொலையுண்டான். அவன் தம்பி மகன் பார்தாஸ் போக்காஸ், இரண்டாம் பசில் என்னும் பேரரசனுக்கு எதிராக 987இலே கிளர்ந்து, 989இலே போர்க்களத்தில் உயிர் துறந்தான்.

ஆயினும் அக்குடி போன்றோரை அடக்கியது வாள் மட்டும் அன்று. 996இலே பசில் ஒரு சட்டம் பிறப்பித்தான். வலியோர் எளிய உழவரிடமிருந்து முந்திய அறுபது ஆண்டுக் காலத்திற் பெற்ற நிலங்களை மீளக் கொடுத்துவிடல் வேண்டும் என்பது அதன் சாரம். நெடுநாள் ஆண்டதனால் உரிமை பிறந்துவிட்டது எனச் சொல்லித் தப்புதற்கு அது இடம் வைக்கவில்லை. அச்சட்டத்திலே போக்காஸ் குடியினரின் பெயரே எடுத்துக்காட்டாகக் குறிக்கப்பெற்றுள்ளது. அரசன் கைகொடுத்தபோது எழுந்த குடி, அரசன் எளியோர்பால் திரும்பியபோது தளர்ந்தது. பதவியால் எழும் குடிகள் எங்கும் இவ்வாறே போலும். அவை நிற்கும் தரை அவற்றின் சொந்தத் தரை அன்று.

இனி எம் நாட்டுக்கு மீள்வோம். இங்கே வாளும் இல்லை, நிலம் பறித்தலும் இல்லை. ஆயினும் ஏணியைத் தாங்கிய தரை மெல்ல மெல்ல அசைந்தது. முதலிலே தேசாதிபதியின் நியமனம் ஒன்றே வாயில். ஒருவர் மனத்தை நிறைவித்தாற் போதும். 1911இல் ஏறத்தாழ மூவாயிரம் கற்றோரின் வாக்கு வாயிலாயிற்று. அவர்களையும் தம் கல்வியாலும் புகழாலும் வெல்ல இக்குடியினரால் முடிந்தது. 1920களிலே, கல்வியும் சொத்தும் உடைய ஆடவர்க்கென வாக்குரிமை விரிந்தபோதும், நாட்டு மக்களில் நூற்றுக்கு நால்வரே வாக்காளர். அவ்வட்டத்துள்ளும் அவர்களுக்கு இடம் இருந்தது. ஆனால் அதற்குள்ளேயே முதல் விரிசல் தோன்றியது. மேல் மாகாணத்திலே தமிழருக்கு ஓராசனம் என்று காங்கிரஸ் தொடங்குமுன் தமக்குக் கொடுத்த வாக்குறுதி காக்கப்படவில்லை என மனம் நொந்து, 1921இலே அருணாசலம் தாம் தலைமை தாங்கிய காங்கிரசை விட்டு விலகினார். 1923இலே தமிழ்ச் சங்கத்தாரை ஒன்றுதிரட்டி இலங்கைத் தமிழர் கழகத்தை நிறுவினார். 1924 சனவரியிலே மதுரைக்கு யாத்திரை சென்ற இடத்திற் காலமானார். நாடு முழுவதற்கும் தலைமை என்ற நிலை ஓரினத்தின் தலைமை எனக் குறுகியமை அக்குடியின் இறக்கத்துக்கு முதற்படி.

இரண்டாம் படி 1928இலே வந்தது. டொனமூர்ப் பிரபு தலைமையில் வந்த ஆணைக்குழுவினர், ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்குக என அவ்வாண்டிலே அறிக்கையிட்டனர். இராமநாதன் அதனை முழுமூச்சோடு எதிர்த்தார். அவர் எதிர்ப்பிலே இரண்டு இழைகள் உண்டு. அவற்றைப் பிரித்தறியாது புகழ்தலும் இகழ்தலும் தவறு. ஒன்று, இனவாரிப் பிரதிநிதித்துவம் நீங்கி எண்ணிக்கையே ஆட்சிசெய்யுமாயின் சிறுபான்மையோர் கதி யாதாகும் என்ற அச்சம். 1956ஆம் ஆண்டுத் தனிச்சிங்களச் சட்டத்தையும் அதன் பின் நிகழ்ந்தவற்றையும் கண்ட நாம் அவ்வச்சத்தை வீண் அச்சம் என்று சொல்லமாட்டோம். மற்றொன்று, கல்வியும் சொத்தும் இல்லாதார் கையில் வாக்கைக் கொடுத்தலாகாது என்ற கொள்கை. பிறப்பாலும் பேற்றாலும் உயர்ந்தோரே பிறரை வழிநடத்த வேண்டும் என அவர் மெய்யாகவே நம்பினார். முதலாவது நம் எல்லோர்க்காகவும் அஞ்சிய அச்சம். இரண்டாவது நம்மிற் பலரைக் கண்டு அஞ்சிய அச்சம்.

1929 டிசம்பரிலே டொனமூர்த் திட்டம் சபையில் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவருள் இராமநாதன் முதன்மையானவர். எழுபத்தொன்பதாம் வயதிலும் இலண்டன் சென்று தடுக்க முயன்றார். பயன் விளையவில்லை. 1930 நவம்பர் 26ஆம் நாள் காலமானார். மறு ஆண்டிலே அவர் எதிர்த்த சர்வசன வாக்குரிமை இத்தீவின் சட்டமாயிற்று.

அவருக்குப் பின்னும் குடி உடனே சாயவில்லை. முதல் அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாண வாலிப காங்கிரசின் அழைப்பை ஏற்று 1931இலே வடபகுதித் தொகுதிகள் பகிஷ்கரித்தன. 1934இலே அவ்விடங்களுக்குத் தேர்தல் நடந்தபோது, அருணாசலத்தின் மைந்தர் மகாதேவா யாழ்ப்பாணத் தொகுதிக்கும், இராமநாதனின் மருமகரும் பரமேஸ்வராக் கல்லூரி அதிபருமாகிய சு. நடேசபிள்ளை காங்கேசன்துறைத் தொகுதிக்கும் உறுப்பினராயினர். மகாதேவா 1942இலே உள்நாட்டு மந்திரியுமானார். ஆயினும் 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே யாழ்ப்பாணத் தொகுதி மக்கள் அவரைப் பெரும் வித்தியாசத்தால் தோற்கடித்தனர். வென்றவர் பெயரும் பொன்னம்பலமே. ஆனால் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அப்பழைய பொன்னம்பலக் குடியினர் அல்லர். தபாலதிபர் ஒருவரின் மைந்தர். பேச்சாற்றலால் மக்களைத் தம்பால் ஈர்த்தவர். நியமனக் கடிதத்தால் திறந்த கதவு வாக்குச் சீட்டால் மூடியது.

அதே 1947ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்திலே, கடல்கள் பல கடந்த அமெரிக்காவிலே, அக்குடியின் மற்றொரு கொழுந்தும் உதிர்ந்தது. சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கில மாதராகிய எலிசபெத் அம்மையாருக்கும் 1877இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இரண்டு வயது நிரம்புமுன்னே தந்தையை இழந்தவர், இங்கிலாந்தில் வளர்ந்தவர். சபை ஆசனத்தை அவர் ஒருநாளும் நாடவில்லை. நம் தீவின் கைவினைஞரின் கலையை ஆராய்ந்து மத்தியகாலச் சிங்களக் கலைபற்றிய பெருநூலை 1908இல் வெளியிட்டார். பின்னர் 1917 முதல் பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலையிலே பணிபுரிந்து, சிவ நடனத்தின் பொருளை உலகம் உணரச் செய்தார். தேர்தல் எதுவும் அவரைத் தோற்கடிக்க முடியவில்லை.

இதுவரை சொன்னது வரலாறு. இனி என் வீட்டுக் கதை சிறிது சொல்ல வேண்டும். அஃதின்றி அம்மாணாக்கனின் வினாவுக்கு நேர்மையான விடை கூற என்னால் இயலாது.

என் பூட்டனார் மருதனார்மடத்தை அடுத்த ஊரிலே பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வாழையும் புகையிலையும் பயிரிட்டவர். கையெழுத்திடத் தெரியாதவர், பெருவிரல் அடையாளம் இடுபவர். ஒரு பரப்பு நிலந்தானும் அவர் பெயரில் இருந்ததில்லை. இராமநாதன் அவர்களின் கொள்கை வென்றிருந்தால் என் பூட்டனார் வாக்குச் சாவடியின் படியை மிதித்திரார். என் பூட்டியோ அதனை நினைத்தும் பார்த்திரார். இவ்வுண்மையை முதன்முதல் நூலிற் படித்தறிந்த நாளில் என் மனம் கசந்தது. இராமநாதன் நினைவுதினக் கூட்டமொன்றிலே பேச அழைத்தபோது, வேறு காரணம் சொல்லி மறுத்தும் விட்டேன்.

பின்பொருநாள் இதனை என் தந்தையாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே காங்கேசன்துறைத் தொகுதியில் நடேசபிள்ளை அவர்களும் செல்வநாயகம் அவர்களும் போட்டியிட்டனர். நடேசபிள்ளை வென்றார், 1956இலே அத்தொகுதி செல்வநாயகத்திடம் மீண்டது. அந்த 1952இலே என் பூட்டனார் நடேசபிள்ளைக்கே வாக்களித்தாராம். ஏன் என்று பிள்ளைகள் கேட்டதற்கு, "நான் திருநெல்வேலிச் சந்தைக்கு வாழைக்குலை கொண்டு போகேக்கை அந்தப் பள்ளிக்கூடத்து வாசலைத்தானே தாண்டிப் போறனான். பிள்ளையள் படிக்கிற சத்தம் வெளியிலை கேட்கும். அதைக் கட்டினவற்றை மருமோனுக்குப் போடாமல் வேறை ஆருக்குப் போடுறது?" என்றாராம். கேட்டுக்கொண்டிருந்த என் பேரனாருக்கு அப்போது முப்பது வயது. அவர் வாயிலாக என் தந்தையாருக்கும், தந்தையார் வாயிலாக எனக்கும் அச்சொல் வந்தது.

அச்சொல்லை யான் பலகால் எண்ணிப் பார்த்ததுண்டு. தமக்கு வாக்கு வேண்டாம் என்றவரின் மருமகருக்கு, அவர் வேண்டாம் என்ற அதே வாக்கை என் பூட்டனார் மனமுவந்து அளித்தார். அவர் அறியாமையால் அளித்தார் என்று கற்றவர் சிலர் சொல்லக்கூடும். யான் அவ்வாறு கருதவில்லை. இராமநாதன் சபையிலே பேசிய பேச்சு என் பூட்டனாரின் செவிக்கு எட்டவில்லை. அவர் கட்டிய கல்லூரியிலிருந்து எழுந்த ஓசை எட்டியது. எட்டியதை வைத்தே அவர் தீர்ப்பளித்தார்.

இராமநாதன் தம் பெருஞ்செல்வத்திற் பெரும்பகுதியைக் கல்விக்கும் கோயிலுக்கும் ஈந்தார். தந்தையார் கட்டிய கொச்சிக்கடை ஆலயத்தைக் கருங்கல்லாற் புதுக்கினார். 1913இலே மருதனார்மடத்திற் சைவப் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். அவுஸ்திரேலியாவிற் பிறந்து அவரை மணந்து சைவநெறி நின்ற லீலாவதி அம்மையார் அதனை நெடுங்காலம் பேணி வளர்த்தார். 1921இலே திருநெல்வேலியில் ஆண்களுக்கெனப் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். தமிழிலே இலக்கணமும் பகவத்கீதைக்கு உரையும் எழுதினார்.

இவற்றின் பிற்கதையை வாசகர் அறிவர். 1974இலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்திலே தொடங்கப்பெற்றது. 1979 முதல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். பரமேஸ்வரன் கோயில் அவ்வளாகத்தினுள்ளேயே நிற்கிறது. மருதனார்மடத்தில் இசை பயிற்றிய நிறுவனம் இராமநாதன் நுண்கலைக்கழகம் என்ற பெயரோடு பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. பரமேஸ்வராக் கல்லூரி என்று ஒரு கல்லூரி இப்போது இல்லை. ஆயினும் பரமேஸ்வராச் சந்தி என்று சொன்னால் யாழ்ப்பாணத்திலே தெரியாதவர் இல்லை.

என் மகள் அவ்வளாகத்திலே இப்போது இரண்டாம் ஆண்டு மாணவி. பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழோடு நின்றுவிட்ட என் குடும்பத்திலே பல்கலைக்கழகம் புகுந்த முதல்வர் அவளே. அனுமதி பெற்ற நாளில் அவளை அழைத்துச் சென்று கோயில் வாயிலில் நின்றபோது, என் பூட்டனார் வாழைக்குலையோடு கடந்துபோன வழி அதுதானே என்று நினைத்தேன். அவர் வெளியே நின்று கேட்ட ஓசைக்குள்ளே அவள் சென்றாள். வாயிலில் அவளை எவரும் யார் மகள் என்று கேட்கவில்லை. எத்தனை பரப்பு நிலம் உண்டு என்றும் கேட்கவில்லை.

இதனால் இராமநாதன் கொண்ட கொள்கை சரியாயிற்று என்று யான் சொல்லவரவில்லை. கொடை பெரிதாகையாற் குறை குறையாகாது போய்விடாது. மாணாக்கர்க்கு இரண்டையும் சொல்லுதலே ஆசிரியன் கடன். எனினும் ஒன்றை உணர்ந்தேன். தமக்கென வைத்திருந்த அதிகாரத்தை அக்குடியினர் இறுகப் பற்றினர். அது நான்காம் தலைமுறையிற் கழன்றது. பிறர்க்கெனக் கொடுத்ததைக் கைவிட்டனர், அது நின்றது. நின்றதோடு அமையாது, கொடுத்தவரின் மனம் அன்று எட்டாத இடத்துக்கும் சென்றது. வாக்குச் சாவடிக்கு ஆகாதவர் என அவர் கருதியோரின் கொள்ளுப்பேரர் அவர் நிலத்திலே பட்டம் பெறுகின்றனர்.

யூபிலிக் காலத்திலே இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களுக்கு இவ்விடத்திலே ஒரு விண்ணப்பம். உங்களிற் பலர் கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் உயர்நிலையில் உள்ளீர்கள். கல்லூரிக்கு மண்டபமும் ஆய்வுகூடமும் அமைத்துத் தருகிறீர்கள். கல்லிலே பெயர் பொறிப்பதை யான் குறைகூறவில்லை. ஆனால் அம்மண்டபத்திலே எவர் பிள்ளை வந்து அமரும் என்று எண்ணிப் பார்த்துக் கொடாதீர்கள். உங்கள் மனம் இன்று அளக்கும் அளவிலும் உங்கள் கொடை தூரம் செல்லும். செல்ல விடுங்கள்.

அம்மாணாக்கன் இப்போது மேல்வகுப்பில் இருக்கிறான். இம்மலர் அவன் கையிலும் சேரும். "அந்தக் குடி இப்ப எங்கை, சேர்?" என்று கேட்டாய் அல்லவா, தம்பி? அக்குடியினரின் வழித்தோன்றல்களை நீ தேடவேண்டியதில்லை. காலை எட்டு மணிக்குப் பரமேஸ்வராச் சந்தியிலே சற்று நின்று பார். துவிச்சக்கரவண்டியிலும் பேருந்திலும் வந்து இறங்கி, புத்தகப் பையோடு வாயிலுக்குள்ளே நுழையும் பிள்ளைகளைப் பார். உன் தமையனும் அவர்களுள் ஒருவன். என் மகளும் ஒருத்தி. பின்னர் வகுப்புக்கு வந்து, நீ கண்டதை எனக்குச் சொல்.

எமது கல்லூரி நீடு வாழ்க. அதன் வாயில் எவர்க்கும் அடையாதிருக்க இறைவன் திருவருள் துணைபுரிவதாக.